அயர்லாந்துக் கிராமங்களின் பழைய கல்லறைத் தோட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தில் காரில் கொஞ்ச தூரம் போனாலே இது கண்ணில் படும்: மாடு மேயும் புல்வெளிக்கு நடுவே ஒரு கல்சுவர், உள்ளே கூரை இல்லாத தேவாலயம், சுற்றிலும் சாய்ந்தும் புதைந்தும் நிற்கும் கல்லறைக் கற்கள். வேலைக்கும் படிப்புக்கும் இங்கே வந்திருக்கும் நம்மவர்களும், அவர்களைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களும் இந்த இடங்களைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை. நகரத்துப் பெரிய கல்லறைத் தோட்டங்களை விட்டுவிட்டேன். கிராமத்துப் பழசுகள் மட்டும்.

இவை எவ்வளவு பழையவை?

இடத்தின் வயது வேறு, கற்களின் வயது வேறு. பெயரும் தேதியும் செதுக்கிய சாதாரணக் குடும்பத்துக் கற்கள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் வந்தவை. அதற்கு முன் எழுத்து வெட்டிய கல் வைக்க வசதி இருந்தவர்கள் குறைவு. மற்றவர்களுக்கு வயலில் கிடைத்த கல்லைத் தலைமாட்டில் நட்டதோடு சரி. ஆனால் அந்த இடமே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் புதைகுழிகளைக் கண்டிருக்கலாம்.

வெளியே நின்றபடியே ஓரளவு கணிக்க முடியும். சுற்றுச்சுவர் வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருந்தால், அது 12ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட ஆரம்பகாலத் துறவி மடமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சில இடங்களில் சுவரே மறைந்துபோயிருக்கும்; ஆனால் தார்ச்சாலை மட்டும் காரணமே இல்லாமல் வளைந்து போகும், பழைய எல்லையை அது இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால். உள்ளே தரை வெளியே உள்ள வயலைவிட உயரமாக இருப்பதையும் கவனியுங்கள். தலைமுறை தலைமுறையாகப் புதைத்ததில் மண் ஏறியிருக்கிறது.

ஊர்ப் பெயர் ‘கில்’ என்று தொடங்கினால் அங்கே ஒரு பழைய தேவாலயம் இருந்திருக்கலாம். ‘இருந்திருக்கலாம்’ என்றுதான் சொல்ல முடியும். காட்டைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லும் ஆங்கில வரைபடங்களில் அதே ‘கில்’ ஆகிவிட்டது.

தேவாலயம் இடிந்து கிடக்கிறது. ஆனாலும் அதே இடத்தில் ஏன் புதைத்துக்கொண்டே இருந்தார்கள்?

16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தத் (புராட்டஸ்டண்ட்) திருச்சபை அரசாங்கத்தின் மதமானபோது, பங்குகளின் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதிகளின்) தேவாலயங்களும் அவற்றின் நிலமும் அதன் கைக்குப் போயின. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராகவே இருந்துவிட்டார்கள். மடங்கள் கலைக்கப்பட்டன, பல தேவாலயங்கள் கவனிப்பாரின்றி இடிந்தன. பூசைக்குப் போக முடியாத இடமாக இருந்தாலும், தாத்தா பாட்டி கிடக்கும் மண்ணை விட மனம் வரவில்லை. அதனால்தான் ஒரே சுவருக்குள் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என இரு தரப்புக் கல்லறைகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த நிலத்தில் கத்தோலிக்கப் பாதிரியார் வெளிப்படையாக ஜெபம் சொல்ல முடியாத காலம் ஒன்று உண்டு. அதற்கு மக்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது: கல்லறை மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், பாதிரியார் வீட்டிலேயே அதை மந்திரித்துக் கொடுப்பார், அதைச் சவப்பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடுவார்கள். பாதிரியார் போக முடியாவிட்டால் என்ன, அவர் ஆசீர்வதித்த மண் போய்ச் சேர்ந்துவிடும். 1823இல் டப்ளினில் ஒரு அடக்கத்தின்போது ஜெபத்தைத் தடுத்த சம்பவம் பெரிய கொந்தளிப்பாகி, கத்தோலிக்கர் உரிமைக்காகப் போராடிய தலைவர் டேனியல் ஓ’கானல் முன்னின்று முயன்றதில் எந்த மதத்தவருக்கும் பொதுவான கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டம் 1832இல் திறக்கப்பட்டது. கிராமங்களிலோ பழைய இடமே தொடர்ந்தது.

இந்தக் கதைகளெல்லாம் எப்படித் தெரியும்? யாராவது சுற்றுலாவுக்காகக் கட்டிவிட்டதா?

சில கட்டிவிட்டவைதான். ஆனால் பெரும்பகுதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1935இல் அமைக்கப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை ஒரு வேலை செய்தது. சுதந்திர அயர்லாந்தின் 26 கவுண்டிகளிலும் (நம் மாவட்டங்கள் மாதிரி) இருந்த சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மூத்த வகுப்புப் பிள்ளைகளிடம், “வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்” என்று தலைப்புகள் கொடுத்தார்கள். சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். அந்தத் தலைப்புகளில் ஒன்று பழைய கல்லறைத் தோட்டங்கள்.

அந்த நோட்டுகளில் இருப்பது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையெழுத்து, பேச்சு எழுபது எண்பது வயதுப் பாட்டியுடையது. நம்ம பங்கில் எத்தனை கல்லறைத் தோட்டங்கள், எது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது, உள்ளே மரம் என்ன, குழந்தைகளைத் தனியாகப் புதைத்தார்களா என்று ஒவ்வொன்றாக எழுதியிருப்பார்கள். திகில் கதை எதிர்பார்த்துப் போகிறவருக்கு முதல் பத்துப் பக்கம் சலிப்பாக இருக்கும். பதினோராவது பக்கத்தில் யாரோ ஒருவருடைய சவப்பெட்டியைச் சுவர் மேலே தூக்கி எறிந்திருப்பார்கள்.

சவப்பெட்டியைச் சுவர் மேலே எறிந்தார்களா? ஏன்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று சொல்வேன்.

நாடெங்கும் பரவலாக இருந்த நம்பிக்கை இது: ஒரு கல்லறைத் தோட்டத்தில் கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் அடுத்தவர் வரும் வரை அங்கே காவல். சில ஊர்களில் வாசலைக் காப்பது வேலை. வேறு சில ஊர்களில், உத்தரிக்கிற ஸ்தலத்தில் (மோட்சத்துக்கு முன் ஆன்மாக்கள் பாவம் தீரக் காத்திருக்கும் இடம்) தாகத்தால் தவிக்கும் ஆன்மாக்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுப்பது வேலை. அடுத்த சாவு விழுந்தால்தான் விடுதலை. சின்ன ஊரில் அது மாதக் கணக்கில்கூட இழுக்கலாம்.

இப்போது ஒரே நாளில் இரண்டு சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக உள்ளே போகிறவர் தலையில்தான் காவல் வேலை விழும். எந்த மகன் தன் அம்மாவைத் தண்ணீர் சுமக்க விடுவான்? அதனால் ஊர்வலங்கள் வேகமெடுக்கும், நடை ஓட்டமாகும். வாசலில் இரண்டு கூட்டமும் சேர்ந்தால் தள்ளுமுள்ளு, அடிதடி. எதிர்க்கட்சி வாசலைப் பிடித்துவிட்டால், பெட்டியைச் சுவர் மேலாக உள்ளே இறக்கிவிட்டு “நாங்கதான் முதல்” என்று சொல்லிவிடுவார்கள். சண்டை போட்டவர்களுக்கு இறந்தவர் மேல் மரியாதை இல்லாமல் இல்லை. அவர் மேல் இருந்த அக்கறையில்தான் அந்தப் பாடு.

அயர்லாந்துக் கல்லறைத் தோட்டக் கதைகளின் அடிச்சரடு இங்கே தெரிகிறது. பயமுறுத்தும் பேய்கள் அதில் குறைவு. செத்தவருக்கு இருப்பவர் செய்ய வேண்டியது என்ன, செத்தவர் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டியது என்ன என்கிற கடமைப் பட்டியல்தான் அதிகம்.

அடக்கத்துக்கு வேறு என்ன விதிகள் இருந்தன?

ஊருக்கு ஊர் மாறும். பரவலாகச் சொல்லப்பட்டவை சில:

திங்கட்கிழமை புதுக் குழி வெட்டத் தொடங்கக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் ஞாயிறு மாலையே யாராவது போய் ஒரு மண்வெட்டிப் புல்லைப் பெயர்த்து வைத்துவிட வேண்டும். அப்புறம் அது ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய குழி. வெட்டி முடித்த குழி திறந்து கிடக்கும்போது மண்வெட்டியையும் மண்வாரியையும் அதன்மேல் சிலுவை போலக் குறுக்கே வைப்பார்கள். பெட்டியை நேர்வழியில் கொண்டு போகாமல் சுற்றுவழியில் கொண்டு போவது மரியாதை. உள்ளே போனதும் இடிந்த தேவாலயத்தை வலமாகச் சுற்றி வருவது பல இடங்களில் வழக்கம். இடமாகச் சுற்றவே கூடாது. அது சாபத்துக்கு உரிய சுற்று.

எதிரே சவ ஊர்வலம் வந்தால் திரும்பி அதனோடு சில அடிகள் நடந்துவிட்டுத்தான் தன் வழி போக வேண்டும். இதற்கு ஐரிஷில் ‘இரக்கத்தின் மூன்று அடிகள்’ என்று பெயர். இன்றும் கிராமப்புறத்தில் சவ வண்டி வந்தால் கார்களை ஓரம் கட்டி நிறுத்துவார்கள். புதிதாக வண்டி ஓட்டும் நம்மவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஊர்வலத்தை முந்திக்கொண்டு போகாதீர்கள்.

புகையிலையும் உண்டு. சாவு வீட்டில் இரவு முழுக்க விழித்திருக்கும்போது வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளைக் களிமண் சுங்கானும் புகையிலையும் கொடுப்பார்கள். வாங்குகிறவர் இறந்தவருக்காக ஒரு வரி ஜெபம் சொல்லிவிட்டுத்தான் பற்றவைப்பார். மீந்த சுங்கான்களைக் கல்லறை மேலேயே வைத்துவிடும் வழக்கமும் இருந்தது. மேற்குக் கரையிலுள்ள கானமாரா வட்டாரத்தில் சால்ரக் என்னும் ஊரின் கல்லறைத் தோட்டம் இதற்குப் பேர் போனது.

கர்ப்பிணிப் பெண்கள் போகக் கூடாது என்பது உண்மையா?

அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. கர்ப்பிணி கல்லறைத் தோட்டத்தில் இடறினாலோ ஒரு கல்லறையை மிதித்தாலோ பிள்ளை வளைந்த பாதத்தோடு பிறக்கும் என்றார்கள். அந்தப் பாதக் கோளாறுக்கு ஐரிஷில் உள்ள பெயரிலேயே கல்லறைத் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும், புல்லுக்குள் கல் மறைந்திருக்கும். இடறி விழாமல் நடக்கச் சொல்ல இந்த நம்பிக்கை தேவையே இல்லை.

‘கில்லீன்’ என்றால் என்ன? வரைபடத்தில் ‘குழந்தைகள் புதைத்த இடம்’ என்று போட்டிருக்கிறதே?

திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாமல் இறந்த சிசுக்களைப் புதைத்த இடங்கள். நாடு முழுவதும் சுமார் 1,400 இடங்கள் பதிவாகியிருக்கின்றன. மேற்குக் கரையோரக் கவுண்டிகளில் அதிகம்.

திருமுழுக்கு இல்லாத குழந்தை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, லிம்போ என்னும் நடு இடத்தில் இருக்கும் என்பது அக்காலத்துப் போதனை. அதனால் ஆசீர்வதிக்கப்பட்ட மண்ணில் அதற்கு இடமில்லை. குறைமாதத்தில் இறந்தே பிறந்த பிள்ளையை ஒரு சின்னப் பெட்டியிலோ துணியிலோ சுற்றி, அப்பாவோ மாமாவோ பொழுது சாய்ந்த பிறகு தூக்கிக்கொண்டு போவார். கைவிடப்பட்ட பழைய தேவாலயத்தின் ஓரம், பழங்கால மண்கோட்டை வளையத்தின் உள்பக்கம், இரண்டு பங்குகளின் எல்லை, கடற்கரை மேடு: யாருக்கும் சொந்தமில்லாத இடமாகப் பார்ப்பார்கள். பாதிரியார் கிடையாது, மணி கிடையாது. அம்மா பெரும்பாலும் கூடப் போனதில்லை. சில அம்மாக்களுக்கு இடம் எது என்றே தெரியாது. தற்கொலை செய்துகொண்டவர்கள், கரை ஒதுங்கிய முகம் தெரியாத உடல்கள் ஆகியோரையும் இங்கேயே புதைத்தார்கள்.

போய்ப் பார்த்தால் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இருக்காது. முழங்கால் உயரம்கூட இல்லாத கூழாங்கற்களும் பலகைக் கற்களும் வரிசையில்லாமல் நிற்கும். நடுநடுவே வெள்ளைக் குவார்ட்ஸ் கற்கள். யாரோ தேடிப் பொறுக்கிக் கொண்டுவந்து வைத்தவை. திருச்சபை எதுவும் செய்யாத இடத்தில் குடும்பம் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது என்பதற்கு அந்தக் கற்களைத் தவிர வேறு சாட்சியம் தேவையில்லை.

இந்த நிலத்தை உழக் கூடாது, கல்லை நகர்த்தக் கூடாது, இரவில் குறுக்கே போனால் வழி தவறிப்போகும் என்றெல்லாம் கதைகள் உண்டு. உழவர்கள் அவற்றை மீறாததால்தான் பல இடங்கள் தப்பின. இது ஏதோ பழைய காலத்துச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது; உடன்பிறப்பை அங்கே வைத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்த குழந்தைக்கு அடக்கச் சடங்கு செய்ய வழி விட்டது. 2007இல் வத்திக்கானின் இறையியல் குழு, அத்தகைய குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப இடம் உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. அப்புறம் பல ஊர்களில் நினைவுக்கல் வைத்து ஆண்டுதோறும் ஜெபம் சொல்கிறார்கள். காலம் தாழ்ந்த ஆறுதல் என்பது என் எண்ணம்.

பஞ்சத்தில் இறந்தவர்களை எங்கே புதைத்தார்கள்?

1845 முதல் 1852 வரை நீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். இருந்த கல்லறைத் தோட்டங்கள் போதவில்லை, பெட்டி செய்யப் பலகையும் இல்லை. அடிப்பலகையில் கீல் வைத்த பெட்டி ஒன்றைச் செய்து, குழிக்கு மேலே பிடித்து, கீலைத் திறந்து உடலை இறக்கிவிட்டு, அதே பெட்டியை அடுத்தவருக்கு எடுத்துப் போனார்கள். கார்க் கவுண்டியில் ஸ்கிபரீனுக்குப் பக்கத்திலுள்ள அபேஸ்ட்ரூரி கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 8,000 முதல் 10,000 பேர் கிடக்கிறார்கள் என்பது கணக்கு. அங்கே பெரிய புல்தரை ஒன்று இருக்கிறது. கல் எதுவும் இல்லாத அந்தத் தரைதான் குழி.

பஞ்சத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு நம்பிக்கை ‘பசிப்புல்’. பார்க்கச் சாதாரணப் புல்தான். தெரியாமல் மிதித்தவருக்குத் திடீரென்று தாங்க முடியாத பசி வரும், கால் துவளும், உடனே ஏதாவது சாப்பிடாவிட்டால் அங்கேயே விழுந்துவிடுவார். பட்டினியில் ஒருவர் விழுந்து இறந்த இடத்தில் அது முளைக்கும் என்பார்கள். சவத்தைத் தரையில் இறக்கி வைத்த இடத்தில் முளைக்கும் என்றும் சொல்வதுண்டு. அதனால் மலைவழி போகிறவர் பையில் ஓட்ஸ் ரொட்டித் துண்டு ஒன்றாவது இருக்கும்.

கல்லறை மண்ணுக்கு மருத்துவ குணம் உண்டு என்கிறார்களே?

பல ஊர்களில் இந்த வழக்கம் உண்டு. நன்றாக விசாரித்துப் பார்க்க வேண்டிய ஊர் ஃபெர்மனா கவுண்டியின் போஹோ. அங்கே ஜேம்ஸ் மகிர் என்ற பாதிரியார் 1815இல் இறந்தார். உயிரோடு இருக்கும்போதே நோய் தீர்ப்பவர் என்று பெயர் எடுத்தவர். “நான் உயிரோடிருந்து குணப்படுத்தியதையெல்லாம் என்னை மூடும் மண் குணப்படுத்தும்” என்று அவர் சொல்லிவிட்டுப் போனதாக ஊர் சொல்கிறது. அவர் கல்லறை மண்ணைச் சிறிதளவு எடுத்து, துணியில் முடிந்து, ஜெபம் சொல்லித் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவார்கள். பல்வலி, தொண்டை வலி, புண் எதுவானாலும் சரி. ஒரு கட்டாய நிபந்தனை உண்டு: சில நாட்களுக்குள் அந்த மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து கல்லறையிலேயே போட்டுவிட வேண்டும். வைத்துக்கொண்டால் கெடுதல்.

சரி, இதில் அறிவியல் எங்கே வந்தது? வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆய்வுக் குழு இந்த மண்ணைப் பரிசோதித்தது. குழுவில் ஒருவர் இதே வட்டாரத்துக்காரர், அதனால்தான் அவருக்கு இந்த யோசனை. மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு புதிய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். ஆண்டிபயாட்டிக்குகளுக்கு அசையாத கிருமிகளில் உலக சுகாதார நிறுவனம் கவலைப்படும் முதல் ஆறில் நான்கை அது ஆய்வகத்தில் தடுத்தது. 2018இல் முடிவுகள் வெளியாயின.

உடனே “பாட்டி சொன்னது நிரூபணமாகிவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். நாம் இன்று பயன்படுத்தும் ஆண்டிபயாட்டிக்குகளில் பெரும்பகுதி இந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் இனத்திலிருந்துதான் வந்தது, அது உலகெங்கும் மண்ணில் வாழ்கிறது. ஆய்வகத் தட்டில் கிருமியைத் தடுப்பது வேறு, தலையணைக்கடியில் இருக்கும் மண் பல்வலியைத் தீர்ப்பது வேறு. ஆனாலும் கதையைக் கேட்டுவிட்டு ஒதுக்காமல் மண்ணைச் சோதித்துப் பார்த்தார்களே, அதைப் பாராட்ட வேண்டும்.

டொனகல் கரைக்கு அப்பால் உள்ள டோரி தீவில் மண்ணுக்கு வேறு வேலை: எலியை விரட்டுவது. கடலில் மூழ்கிக் கரை ஒதுங்கிய ஆறு ஆண்கள், ஒரு பெண் என ஏழு பேரை ஒன்றாகப் புதைத்த இடத்து மண் அது. எல்லாரும் அள்ளிவிட முடியாது. குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் மூத்தவர் எடுத்துக் கொடுத்தால்தான் பலிக்கும்.

சுவர் குதித்த தேவாலயம் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. லவுத் கவுண்டியில் ஆர்டி நகருக்குப் பக்கம், கில்டெமக். அங்கே பழைய தேவாலயத்தின் முனைச் சுவர் ஒன்று, தான் நிற்க வேண்டிய அஸ்திவாரத்தைவிட்டுச் சுமார் மூன்று அடி உள்ளே தள்ளி, சாய்ந்தபடி நிற்கிறது. பழைய அஸ்திவாரம் வெளியே தனியாகத் தெரிகிறது.

கதை இப்படி: திருச்சபையிலிருந்து விலக்கப்பட்ட ஒருவரைத் தேவாலயத்துக்குள், அந்தச் சுவரை ஒட்டிப் புதைத்துவிட்டார்கள். அன்றிரவே சுவர் உள்பக்கமாகக் குதித்து அவர் கல்லறையை வெளியே தள்ளிவிட்டது. 1715இல் அடித்த பெரும் புயல் சுவரைப் பெயர்த்து நகர்த்தியது என்பது இன்னொரு விளக்கம். புயல் சுவரைத் தள்ளினால் சுவர் விழும். மூன்று அடி நகர்ந்து நின்றுகொள்ளுமா என்று கேட்டால், குதித்த கதையைவிட இது ஒன்றும் நம்ப எளிதாக இல்லை. போய் அந்த இடைவெளியில் நின்று பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

தவறான ஆளைப் புதைத்தால் இடமே எதிர்ப்புக் காட்டும் என்கிற கதை பல ஊர்களில் உண்டு. ஸ்லைகோ கரைக்கு அப்பால் இனிஷ்மரே என்று ஒரு தீவு. கடைசிக் குடும்பங்கள் 1948இல் அங்கிருந்து வெளியேறிவிட்டன. அங்கே ஆண்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம், பெண்களுக்குத் தனியாக ஒன்று. மாற்றிப் புதைத்தால், உடல் இரவோடு இரவாகத் தானே எழுந்து சரியான பக்கத்துக்குப் போய்விடும் என்று நம்பினார்கள்.

சாபக் கற்கள் என்பவை இங்கேதான் இருக்கின்றனவா?

அதே இனிஷ்மரேயில் இருக்கின்றன. கற்களால் கட்டிய பீடம் போன்ற மேடையின் மேல் உருண்டைக் கற்கள், சிலவற்றில் சிலுவை செதுக்கியிருக்கும். வலமாகத் திருப்பி ஜெபித்தால் நன்மை, இடமாகத் திருப்பினால் எதிரிக்குச் சாபம். கேவன் கவுண்டியில் பிளாக்லயனுக்குப் பக்கம் கில்லினாவிலும் இப்படி உண்டு: பெரிய பாறையில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கல். நியாயமில்லாமல் சபித்தால் சாபம் சபித்தவருக்கே திரும்பும் என்ற விதியும் கூடவே இருந்தது. அந்த விதி மட்டும் இல்லாமலிருந்தால் நிலத்தகராறு உள்ள ஊர்களில் கற்கள் தேய்ந்தே போயிருக்கும்.

குழியுள்ள பாறை எல்லாம் சாபக் கல் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான இடங்களில் அதில் தேங்கும் மழைத் தண்ணீரை மருவுக்குத் தடவுவார்கள், அவ்வளவுதான்.

உள்ளே எப்போதும் இருக்கும் அந்தக் கரும்பச்சை மரம் எது?

யூ மரம். மிகவும் நச்சுள்ளது, மாடு தின்றால் செத்துவிடும். குழந்தைகள் சிவப்புக் காயைப் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளை விரிக்காமல் தூண் மாதிரி நேராக நிற்கும் வகைக்கு ஐரிஷ் யூ என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் ஃபெர்மனா மலையில் ஓர் உழவர் கண்டெடுத்த கன்றுகளில் ஒன்று ஃபுளோரன்ஸ் கோர்ட் தோட்டத்தில் இன்றும் நிற்கிறது. உலகெங்கும் உள்ளவை அதன் தண்டை வெட்டிப் பதியன் போட்டு வந்தவையே. கில்லார்னியில் மக்ரஸ் மடத்தின் உள்முற்றத்து யூ மரத்தைக் காயப்படுத்தியவர் ஓராண்டுக்குள் சாவார் என்ற பேச்சு உண்டு.

டிராகுலா கதை இங்கிருந்துதான் பிறந்ததா?

டெர்ரி கவுண்டியில் ஸ்லாட்டவெர்ட்டி என்ற இடத்தில் அவர்ட்டாக் என்ற குள்ளக் குறுநில மன்னன் புதைத்த பிறகும் எழுந்து வந்தான், கடைசியில் தலைகீழாகப் புதைத்தார்கள் என்ற கதையை 19ஆம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார்கள். டிராகுலாவை எழுதியவர் டப்ளின்காரர். இரண்டையும் முடிச்சுப் போடும் கட்டுரைகள் நிறைய வரும். ஆதாரம் இல்லை. தவிர, அந்த இடம் கல்லறைத் தோட்டமே கிடையாது. வயலில் ஒரு முள்மரமும் பெரிய கல்லும்.

இப்போதும் இங்கே புதைக்கிறார்களா?

பல இடங்களில் ஆம், குடும்பக் கல்லறை உரிமை உள்ளவர்களை. பெரும்பாலானவை இப்போது கவுண்டி நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. கோடையில் ஒரு ஞாயிறன்று ஊரே கூடி, புல் வெட்டி, பூ வைத்து, பாதிரியார் கல்லறைகளை ஆசீர்வதிப்பார். வெளிநாட்டில் இருப்பவர்கள்கூட அந்த நாளுக்கு விடுப்பு எடுத்து வருவார்கள். இறந்தவர்களை நினைக்கும் நாள் இங்கும் நவம்பர் 2, நம் ஊரில் கல்லறைத் திருநாள் கொண்டாடும் அதே நாள்தான். அன்றிரவு இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று அடுப்பை அணைக்காமல், கதவைத் தாழிடாமல், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட்டுத் தூங்குவது பழைய வழக்கம்.

உள்ளே போகலாமா? என்னென்ன செய்யக் கூடாது?

பெரும்பாலும் போகலாம். வயலைக் கடந்து போக வேண்டியிருந்தால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியதை மூடியபடியும் விடுங்கள். எழுத்தில்லாத சின்னக் கல்லும் ஒருவருடைய கல்லறைதான். எதையும் நகர்த்தாதீர்கள், எதையும் எடுத்து வராதீர்கள். மெட்டல் டிடெக்டர் அனுமதியின்றிக் கொண்டு போவது சட்டப்படி குற்றம். சுவரில் படர்ந்த ஐவி கொடியைப் பிடுங்கினால் சுவரே சேர்ந்து வரும். ஃபெர்மனாவின் போவா தீவில் இரண்டு முகமுள்ள பழைய கற்சிலையின் தலைக்குழியில் வருகிறவர்கள் காசு போட்டுவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், உலோகம் கல்லைக் கெடுக்கும்.

கல்லில் எழுத்து மங்கியிருக்கிறது. எப்படிப் படிப்பது?

சுண்ணக்கட்டி, ஷேவிங் க்ரீம், கம்பி பிரஷ், பிளீச் எதுவும் கூடாது. கல் ஒருமுறை உரிந்தால் எழுத்து போனதுதான். ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சுவதே சரியான முறை: மங்கலான நேரத்தில் ஒரு டார்ச்சைக் கல்லின் விளிம்பை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் தெரியாத எழுத்தும் நிழலோடு எழுந்து வரும். பகலில் கண்ணாடியால் வெயிலைத் திருப்பலாம். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் நிதானமாகப் படியுங்கள்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளைப் படிக்க முடியுமா?

இலவசமாகப் படிக்கலாம். டூகஸ் என்ற இணையதளத்தில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். கவுண்டி, பள்ளி வாரியாகத் தேடலாம். பெரும்பகுதி ஆங்கிலத்தில், மேற்குக் கரைப் பள்ளிகளில் ஐரிஷும் உண்டு. கையெழுத்துப் பக்கங்களைத் தட்டச்சு செய்ய யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு உதவலாம். வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகள் அதில் இல்லை. திட்டம் அங்கே நடக்கவில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். தினமும் தாண்டிப் போகும் சுவருக்குப் பின்னால் யார் காவலுக்கு நின்றார் என்று 1938இல் ஒரு பிள்ளை எழுதி வைத்திருக்கக்கூடும்.